பால் குடிச்ச தூணு

எறும்புக் கதைன்னு சொன்னேன், உடனே எல்லாரும் முதுகை நிமித்தி உக்காந்துட்டீங்க. எனக்குத் தெரியும். எறும்பு சுறுசுறுப்பா இருக்கும், வரிசையாப் போகும், மழைக்காலத்துக்குச் சேத்து வைக்கும், அதைப் பாத்து நாம திருந்தணும். அதைத்தானே எதிர்பாக்கறீங்க? பின்வரிசையில ஒருத்தர் இப்பவே திருந்திட்ட மாதிரி முகத்தை வச்சிருக்காரு. அவசரப்படாதீங்கய்யா, கதை முடியட்டும்.

இந்தக் கதையில எறும்பு யாருக்கும் புத்தி சொல்லாது. யாரையும் காப்பாத்தாது. வாயே திறக்காது. எறும்பு பாட்டுக்கு எறும்பா இருக்கும். மத்தவங்கதான் கொஞ்சம் அப்படி இப்படி.

சரி, ரொம்ப காலத்துக்கு முன்னாடி. எவ்வளவு முன்னாடின்னா, மழைகூட ராஜாவைக் கேட்டுக்கிட்டுத்தான் பெய்யுதுன்னு ராஜாவே சொல்லிக்கிட்டிருந்த காலம்.

மருதவேலின்னு ஒரு நாடு. அதுக்கு எண்டிசைவென்றான்னு ஒரு ராஜா. எட்டுத் திசையும் ஜெயிச்சவர்னு அர்த்தம். ஜெயிச்சது ஒரு திசை. மீதி ஏழும் பேச்சுவார்த்தையில இருந்துச்சு.

ஜெயிச்ச அந்த ஒண்ணுக்கு ஞாபகமா, சபா மண்டபத்து நடுவுல ஒரு தூணு நட்டாங்க. காட்டுலயே பெரிய வேங்கை மரம். மூணு ஆளு கைகோத்தாதான் கட்டிப்பிடிக்க முடியும். கூரையோட பெரிய உத்தரம் அந்தத் தூணு தலையிலதான் உக்காந்திருந்துச்சு. தூணுல அடியிலேருந்து நுனி வரைக்கும் ராஜாவோட பட்டப்பேருங்களைச் செதுக்கினாங்க. இடம் போதாம ரெண்டு பட்டத்தைப் பக்கத்துச் சுவத்துல எழுத வேண்டியதாப் போச்சு.

தூணுக்கு ஜெயஸ்தம்பம்னு பேரு வச்சாங்க. பேரு வச்சா பூஜை வேணும். பூஜைன்னா அபிஷேகம் வேணும். தினம் காலையில ஏணி வச்சு ஏறி, ஒரு குடம் பால், ஒரு குடம் இளநீர், ஒரு குடம் தேன் கலந்த தண்ணி. மூணும் மேலேருந்து வழிஞ்சு, பட்டப்பேரு ஒவ்வொண்ணுக்குள்ளயும் கொஞ்சம் தேங்கி, கடைசியில தூணடியில குளமா நிக்கும்.

அதோட நின்னிருந்தா பரவாயில்ல. ஒரு நாள் ஒரு மந்திரி சபையில பேச எந்திரிச்சவரு, பேசறதுக்கு முன்னாடி தூணுக்கு ஒரு சொம்பு பால் ஊத்திட்டுப் பேசினாரு. ராஜாவுக்கு மனசு குளுந்து போச்சு. மறுநாள் இன்னொரு மந்திரி குடத்தோட வந்தாரு. அதுக்கப்புறம் அதுவே சட்டமாச்சு. ராஜாகிட்ட வாயைத் திறக்கணுமா, முதல்ல தூணுக்கு ஒரு குடம் பால். வரியைக் குறைக்கணுமா, குடம். வாய்க்கால் வெட்டணுமா, குடம். மாடு பால் கறக்க மாட்டேங்குதுன்னு முறையிட வந்த குடியானவர்கூட, பக்கத்து வீட்டுல பால் வாங்கிட்டு வந்து ஊத்திட்டுத்தான் முறையிட்டாரு.

அந்த மண்டபத்துக்கு மணியமா இருந்தவரு பேரு திருமேனி. விளக்கு ஏத்தறது, தரை துடைக்க ஆள் விடறது, யாரு குடம் முன்னாடி, யாரு குடம் பின்னாடின்னு வரிசை பாக்கறது, இதெல்லாம் அவரு பொறுப்பு. நல்ல மனுஷன். ஒரே ஒரு பழக்கம். யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுவாரு. எப்படின்னா, இதோ, இப்படி. பாத்தீங்களா? மேலயும் கீழயும் இல்ல, பக்கவாட்டிலயும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. ஆமாங்கறதும் அதுலயே இருக்கும், இல்லைங்கறதும் அதுலயே இருக்கும். கேக்கறவங்க தனக்கு வேண்டியதை எடுத்துக்கலாம். அந்த ஒரு தலையாட்டலை வச்சுக்கிட்டே மூணு தலைமை மந்திரிங்களைத் தாண்டி வந்துட்டாரு.

ஒரு நாள் காலையில திருமேனி மண்டபத்துக் கதவைத் திறந்தா, தூணடியில ஒரு குவியல். மரத்தூள். அரம் வச்சு ராவின மாதிரி மெல்லிசு. நடுநடுவுல கரப்பான்பூச்சியோட காலு, வண்டோட ஓடு. குனிஞ்சு பாத்தாரு. தூணுல ஒரு ஓட்டை. ஓட்டையில ஒரு தலை. கரேல்னு, எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு, வாயில ஒரு தூள் உருண்டையோட ஒரு கட்டெறும்பு எட்டிப் பாத்துச்சு. இவரைப் பாத்துச்சு. உருண்டையைக் கீழ போட்டுச்சு. உள்ள போச்சு. அடுத்தது வந்துச்சு.

ராஜா வந்தாரு, பாத்தாரு, தொண்டையைக் கனைச்சாரு. நம்ம ஜெயத்தை யாரோ தின்னுக்கிட்டிருக்காங்கன்னு சொன்னாரு. திருமேனி தலையாட்டினாரு. வருஷா வருஷம் தூணுக்கு எடுக்கற ஜெயவிழா வர்றதுக்குள்ள ஒரு எறும்புகூட இருக்கக் கூடாது, இருந்தா மண்டபத்து மணியத்தை இதே தூணுல கட்டி வச்சு, எறும்புங்களா பாத்து விடற வரைக்கும் அவிழ்க்கக் கூடாதுன்னு சொன்னாரு. திருமேனி அதுக்கும் தலையாட்டிட்டாரு. பழக்கதோஷம். வீட்டுக்குப் போற வழியிலதான் அவருக்கே உறைச்சுது, ஆட்டினது தன் தலைன்னு.

மூணு வல்லுநர்களை வரவழைச்சாங்க.

முதல்ல அரண்மனை வைத்தியர் வந்தாரு. எறும்புக்குக் கசப்பு ஆகாதுன்னு சொல்லி, வேப்பிலையைக் கொதிக்க வச்சு, அண்டா அண்டாவா தூணு மேல ஊத்தினாரு. ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பாத்தாரு. பெரிய மண்டைக் கட்டெறும்பு ஒண்ணு விரலைக் கவ்வி, பின்பக்கத்தை வளைச்சு, கடிச்ச இடத்துலயே எரிச்சல் தண்ணியைப் பீச்சிச்சு. வைத்தியர் தன் விரலுக்கு வைத்தியம் பாத்துக்கப் போயிட்டாரு.

ரெண்டாவதா மந்திரவாதி வந்தாரு. இது செய்வினைன்னு சொல்லி, மஞ்சத்தண்ணியை மந்திரிச்சு, விடிய ஆரம்பிச்சு இருட்டற வரைக்கும் ஊத்தினாரு. தூணு மஞ்சளாச்சு. எறும்பு கறுப்பாவே இருந்துச்சு.

மூணாவதா மடப்பள்ளித் தலைவர் வந்தாரு. பகையை விருந்து வச்சு வெளிய கூப்பிடணும்னு சொல்லி, வெல்லப்பாகைக் கரைச்சு மேலேருந்து ஊத்தினாரு. எறும்பு வெளிய வந்துச்சு. சாப்பிட்டுச்சு. உள்ள இருந்தவங்களுக்கும் வயித்துல வாங்கிட்டுப் போச்சு. சேதி சொல்லியிருக்கும் போல, அடுத்த நாள் இன்னும் நிறைய வந்துச்சு.

மூணு பேரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. அந்த எறும்புக்கு வேண்டியது ஈரம். அது யாரையும் கேக்கல. எல்லாரும் கொடுத்தாங்க.

விழா கிட்ட வந்துக்கிட்டே இருக்கு, திருமேனிக்கு வேற வழியில்ல. தன்னைக் கடிக்கப் போறது யாருன்னாவது தெரிஞ்சுக்குவோம்னு, தூணு முன்னாடி ஒரு மணையைப் போட்டு உக்காந்தாரு. உக்காந்து பாத்தாரு. பாக்கப் பாக்க அவருக்கு ஒண்ணு புரிஞ்சுது. மரத்தை எறும்பு தின்னல. தின்னா ஏன் இப்படி வெளிய கொண்டாந்து கொட்டுது? அதுங்க பசிக்கு, பொழுது சாஞ்சதும் வரிசையாத் தோட்டத்துக்குக் கிளம்புது. அங்க ஒரு எலுமிச்சை மரம். அதுல அசுவினிப் பூச்சி அப்பியிருக்கு. எறும்பு போய் மீசையால அந்தப் பூச்சி முதுகைத் தடவும். பூச்சி ஒரு சொட்டு இனிப்புத் தண்ணி விடும். குடிச்சுட்டு அடுத்த பூச்சி. நம்ம ஊர்ல மாடு கறக்கறதுக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது. திரும்பி வரும்போது செத்த வண்டு, புழுன்னு எதாவது இழுத்துட்டு வரும். தூணு அதுக்குச் சோறு இல்ல, வீடு.

இன்னொண்ணும் செஞ்சாரு. அதே வேங்கை மரத்துல ரெண்டு சில்லு எடுத்து, ஒண்ணைக் காய வச்சு, ஒண்ணைப் பாலில ஊற வச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டாரு. காஞ்ச சில்லை எறும்பு ரெண்டு கடி கடிச்சுப் பாத்துட்டு, போயிடுச்சு. ஊறிப் போன சில்லை நல்லா மக்கினதும் குடைய ஆரம்பிச்சுடுச்சு.

அது குடைஞ்ச அன்னிக்கு மத்தியானம் வீட்டுக்குப் போய் சாப்பிட உக்காந்தவரு, ரசத்துல கை வச்சபடியே இருந்தாரு. அவரு சம்சாரம் காந்திமதி. அந்தம்மா வாயில வார்த்தையும் வீண் போகாது, கையில சோறும் வீண் போகாது. என்னன்னு கேட்டாங்க. இவரு மூணே வாக்கியத்துல சொல்லிட்டாரு. எறும்பு மரத்தைத் தின்னல. மரம் அழுகிப் போனதாலதான் எறும்பு வந்துச்சு. அழுக வச்சது நாம ஊத்தின பால்.

காந்திமதி அப்பளத்தைத் தட்டுல வச்சுட்டு, இதுல எந்த வார்த்தை கஷ்டமா இருக்குன்னு கேட்டாங்க. கஷ்டமான வார்த்தை ஒண்ணும் இல்லதான். அப்ப நாளைக்குப் போய் இதையே ராஜாகிட்ட சொல்லிட்டு வாங்கன்னுட்டாங்க.

திருமேனி தலையாட்டினாரு. நடுவுல.

மறுநாள் சபைக்குப் போனாரு. பேசணும்னு கை தூக்கினாரு. தூக்கினதும் ஒருத்தர் குடத்தைக் கையில கொடுத்துட்டாரு. சட்டம் சட்டம்தானே. பாலை ஊத்தாதீங்கன்னு சொல்றதுக்கு வந்த மனுஷன், ஏணியில ஏறி, ஒரு குடம் பாலைத் தூணு தலையில ஊத்திட்டு இறங்கினாரு. இறங்கும்போது முதல் வாக்கியம் மட்டும் கையில இருந்துச்சு. மீதி ரெண்டும் ஏணியிலயே நின்னுடுச்சு.

எறும்பு மரத்தைத் தின்னல மகாராஜான்னு சொன்னாரு.

அப்ப என்ன பண்ணுதுன்னு ராஜா கேட்டாரு. திருமேனி வாயைத் திறக்கறதுக்குள்ள ஆஸ்தான கவி மதுரவாசகர் எந்திரிச்சுட்டாரு. அவருக்கு மட்டும் குடம் வேண்டாம், புகழ்ச்சியே பால்தான். அந்தக் கவி பேசினா ஒவ்வொரு சொல்லுக்கும் வாலு முளைக்கும். "செதுக்குதுஉஉ மகாராஜாஆஆ"ன்னாரு. வெளிய உங்க பட்டப்பேருக்கு இடம் போதல. அதனால உள்பக்கமா செதுக்க வந்திருக்கற தச்சன் எறும்புங்கன்னு விளக்கம் சொன்னாரு. மரத்தூளைக் கையில அள்ளி, இது சிற்பியோட உளித்தூள்னு கண்ணுல ஒத்திக்கிட்டாரு. ராஜா முகம் பூத்துப் போச்சு. அப்படியா மணியம்னு கேட்டாரு.

திருமேனி தலையாட்டினாரு. ராஜா அதுல ஆமாவை எடுத்துக்கிட்டாரு.

அந்த நிமிஷமே கட்டி வைக்கற தண்டனை ரத்து. திருமேனிக்கு எறும்பு மணியம்னு புதுப் பதவி, பட்டுத் தலைப்பாகை. இனிமே அந்த எறும்புங்களை ராஜகுடும்பம் மாதிரிப் பாத்துக்கணும், ஒரு எறும்பு குறைஞ்சாலும் அவருதான் பதில் சொல்லணும். வீட்டுக்கு வந்தவரு தலைப்பாகையைக் கழட்டாமலே நடந்ததைச் சொன்னாரு. காந்திமதி, மீதி ரெண்டு வாக்கியம் எங்கன்னு கேட்டாங்க. அடுத்த தடவைன்னாரு.

அதுலேருந்து எறும்பு பராமரிப்பு ஆரம்பமாச்சு. மடப்பள்ளியிலேருந்து முதல் நாளே நெய் சொட்டச் சொட்ட அல்வா வந்துச்சு. எறும்புங்க காலு நெய்யில மாட்டிக்கிட்டுச் செத்துச்சு. மிச்ச எறும்புங்க செத்ததை ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போய், தூரமா ஒரே மூலையில போட்டுச்சு. ராஜமரியாதையில செத்தவங்களுக்கு மயானம். அதுக்கப்புறம் திருமேனி மடப்பள்ளியைக் கும்பிட்டு நிறுத்திட்டு, தன் வழியில பாத்துக்கிட்டாரு. சாயங்காலம் வெத்தலையில ஒரே ஒரு சொட்டு தேன். ரெண்டு நாளைக்கு ஒரு செத்த கரப்பான். தின்னு மிச்சம் இருந்தா பூசணம் பிடிக்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும். வெளிச்சம் உறுத்தாம ஒரு திரை. தூணைத் தட்டக் கூடாது, தட்டினா அத்தனையும் கலைஞ்சு அலறிப் போகும். எறும்புகளை மேய்க்கறதுல அவருக்கு ஒரு பிரியமே வந்துடுச்சு. ஒல்லி எறும்பு எது குட்டிகளைப் பாக்கும், மண்டை பெருத்தது எது வாசல்ல நிக்கும்னு அவருக்கு ஆள் ஆளாத் தெரியும்.

ராஜா ஒரு நாள் எறும்பு ராணியைச் சபைக்கு அழைச்சுட்டு வரச் சொன்னாரு. ராணி இருட்டறையில முட்டை போட்டுக்கிட்டே இருக்கும், வெளிய வராதுன்னு திருமேனி சொன்னாரு. வெளிய வராத ராணின்னதும் ராஜாவுக்கு மரியாதை கூடிப் போச்சு. அதுக்கு ஒரு பட்டுப்புடவை அனுப்பி வச்சாரு. அதைத்தான் திருமேனி திரையாக் கட்டினாரு.

இப்படி இருக்கும்போது, ஒரு நாள் திரையைச் சரிபண்ண தூணுல கையை ஊனினாரு. கட்டை விரல் உள்ள போயிடுச்சு. பழுத்த வாழைப்பழத்துல போற மாதிரி. வெளிய எடுத்துப் பாத்தாரு. விரல் ஈரம். புளிச்ச பால் வாடை. மேல நிமிந்து உத்தரத்தைப் பாத்தாரு. அது எவ்வளவு பெருசுன்னு அன்னிக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சுது.

ரெண்டாவது தடவை கை தூக்கினாரு. குடம் வந்துச்சு. ஏறி ஊத்திட்டு இறங்கினாரு. தூணு நல்லா ஈரமாயிடுச்சு மகாராஜா, இந்த எறும்பு ஈரமான மரத்துலதான் குடியிருக்கும்னு சொன்னாரு. ஈரம் எங்கேருந்து வருதுன்னு சொல்றதுக்குள்ள வாலு முளைச்சுடுச்சு. "அபிஷேகப் பாலைத் தேடிவந்த அடியார்கள்ள்ள்"னு கவி கண்ணை மூடிக்கிட்டாரு. ராஜா உருகிட்டாரு. எறும்புங்களுக்குன்னு தனியா சாயங்கால அபிஷேகமும் ஏற்பாடாச்சு. நல்ல யோசனை சொன்னதுக்காக எறும்பு மணியத்துக்கு ஒரு முத்துமாலை.

மூணாவது தடவை, உள்ளேருந்து சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் போனாரு. மண்டபம் அமைதியா இருந்தா கேக்கும். காஞ்ச இலையைக் கசக்கற மாதிரி, சரசர சரசரன்னு. உள்ள மரம் இல்ல, அறை அறையாக் குடைஞ்ச கூடுதான் இருக்குன்னு அர்த்தம். இந்தத் தடவை திருமேனி மனசைக் கல்லாக்கிக்கிட்டுத்தான் வந்தாரு. குடத்தை ஊத்தினாரு. இறங்கினாரு. மூணாவது வாக்கியத்தை, அழுகினதுங்கற சொல்லை மட்டும் விட்டுட்டு, சொல்லிட்டாரு.

"எல்லாத்துக்கும் காரணம் நாம ஊத்தற பால்தான் மகாராஜா."

சபையில மூச்சுச் சத்தம் இல்ல. தூணுக்குள்ளேருந்து மட்டும் சரசர சரசர.

ராஜா மெதுவா எந்திரிச்சு வந்து, தூணுல காதை வச்சுக் கேட்டாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நாம ஊத்தற பாலுக்கு மரமே உயிர் வந்து பேசுதுன்னாரு. கவிக்கு வேலையே வைக்கல, அவரே சொல்லிட்டாரு. அப்படித்தானே மணியம்னு கேட்டாரு.

திருமேனி ராஜாவைப் பாத்தாரு. முத்துமாலையைப் பாத்தாரு. சொல்ல வேண்டியதைத்தான் சொல்லியாச்சே, புரிஞ்சுக்க வேண்டியது அவங்க பாடுன்னு நினைச்சுக்கிட்டாரு.

தலையாட்டினாரு.

வீட்டுல, மூணு வாக்கியத்தையும் சொல்லி முடிச்சுட்டேன்னு காந்திமதிகிட்ட சொன்னாரு. அதுக்கு அவங்க என்ன சொன்னாங்கன்னு காந்திமதி கேட்டாங்க. அடுத்த ஜெயவிழாவுல பெரிய மரியாதை பண்றாங்கன்னு சொன்னாரு.

அந்த மரியாதை என்ன தெரியுமா? விழா முழுக்க எறும்பு மணியம் ஜெயஸ்தம்பத்தடியில, தூணுல முதுகு சாஞ்சு உக்காந்திருக்கணும். நாடே வந்து ஆளுக்கொரு குடம் ஊத்தும். மேலேருந்து வழியற பால் முதல்ல அவரு தலையில விழுந்துட்டுத்தான் தரைக்குப் போகும். இதுக்கு முன்னாடி யாருக்கும் கொடுக்காத இடம்.

யோசிச்சுப் பாருங்க. முதல்ல சொன்ன தண்டனையும் அதே இடம்தான். ஆனா தண்டனைன்னா கயிறு இருந்திருக்கும். கயித்தை அவிழ்த்துட்டு ஓடலாம். மரியாதையை எப்படி அவிழ்க்கறது?

விழா வந்துச்சு. மேளம், நாகசுரம், தோரணம். ஜனம் குடத்தோட வரிசையில நிக்குது, வரிசை கோட்டை வாசல் தாண்டிப் போகுது. ராஜா எதிர்ல சிம்மாசனத்துல. பக்கத்துல கவி. ஒரு பக்கமா பொம்பளைங்க உக்கார்ற இடம், அதுல முதல் வரிசையில காந்திமதி. மரியாதை வாங்கறவரோட சம்சாரமாச்சே, அவங்களுக்கும் மாலை. திருமேனி தூணடியில மணையில உக்காந்து, முதுகைச் சாச்சுக்கிட்டாரு. சாஞ்சதும் முதுகு கொஞ்சம் உள்ள போச்சு.

முதல் குடம் விழுந்துச்சு. அப்புறம் அடுத்தது. அப்புறம் எண்ணிக்கையே இல்ல. பால் கண்ணுக்குள்ள போகுது, காதுக்குள்ள போகுது. முகத்தைத் துடைச்சா மரியாதைக் குறைவு. அப்படியே உக்காந்திருக்காரு. முதுகுக்குப் பின்னாடி சரசர சத்தம், அதுவரைக்கும் கேட்ட சத்தம் இல்ல. அது வேலை பாக்கற சத்தம். இது ஓடற சத்தம். இத்தனை நாள் அதுங்களை மேய்ச்சவருக்கு வித்தியாசம் தெரியாதா?

கொஞ்ச நேரத்துல ஓட்டைங்க வழியா எறும்பு வெளிய வர ஆரம்பிச்சுது. ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டம் கூட்டமா. ஒவ்வொண்ணு வாயிலயும் வெள்ளையா, அரிசி மாதிரி ஒண்ணு. சிலது கூட்டுப்புழு, சிலது குட்டிப் புழு. பெரிய மண்டைங்க ரெண்டு பக்கமும் காவலுக்கு வர, தூணுலேருந்து இறங்கி, திருமேனி தோள் மேல ஏறி, மடியில இறங்கி, தரையைக் கடந்து தோட்டத்துப் பக்கமா போகுது. ஒரு எறும்புகூடத் திரும்பிப் பாக்கல.

ஜனம் கை தட்டுச்சு. "மகாராஜாவோட ஜெயத்தை வெள்ளை முத்தா வாயில ஏந்தி ஊர்வலம்ம்ம்"னு கவி சொன்னாரு. ராஜா தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, இன்னும் ஊத்துங்கன்னு கை காட்டினாரு.

மேல உத்தரத்துல ஒரு முனகல். கூரையிலேருந்து கொஞ்சம் தூசி விழுந்துச்சு. மேளக்காரர் கையை நிறுத்தினாரு. எல்லாரும் மேல பாத்தாங்க, அப்புறம் எல்லாரும் ராஜாவைப் பாத்தாங்க. ராஜா திருமேனியைப் பாத்தாரு.

"மணியம், நம்ம தூணு என்னமோ சொல்லுதே. என்ன சொல்லுது?"

திருமேனி வாயைத் திறந்தாரு. பால் உள்ள போச்சு. மூடினாரு. மறுபடியும் திறந்தாரு. அப்பதான் சட்டம் ஞாபகம் வந்துச்சு, குடம் ஊத்தாமப் பேசக் கூடாது. குடத்துக்குக் கையை நீட்டினாரு. பக்கத்துல இருந்த மந்திரி ஓடி வந்து குடத்தைக் கொடுத்தாரு. நாலு பேரு ஏணியை அவரு பக்கமா நகத்தித் தூணுல சாத்தப் போனாங்க.

பொம்பளைங்க பக்கத்துலேருந்து காந்திமதி எந்திரிச்சு நின்னாங்க. கையில குடம் இல்ல. அந்தச் சட்டம் வந்ததுக்கப்புறம், கவியைத் தவிர, குடம் ஊத்தாம அந்த மண்டபத்துல ராஜாகிட்ட யாரும் பேசினதில்ல. கழுத்துல இருந்த மாலையைக் கழட்டிக் கீழ வச்சாங்க. குரலை உயர்த்தல. வீட்டுல ரசம் வேணுமான்னு கேக்கற அதே குரல்தான்.

"மகாராஜா, எறும்பு உங்களை ஒண்ணும் பண்ணல. நீங்க ஊத்தின பால்ல தூணு உள்ளுக்குள்ள அழுகிப் போச்சு, இப்ப விழப் போகுது. அது தெரிஞ்சு எறும்பே புள்ளைங்களைத் தூக்கிட்டு வெளிய கிளம்பிடுச்சு. இந்த மனுஷனுக்கும் எப்பவோ தெரியும், உங்களுக்குப் பிடிக்காதுன்னு சொல்லாம உக்காந்திருக்காரு. ஏங்க, எந்திரிச்சு வாங்க."

கதை அவ்வளவுதான்.

நீதி என்னன்னா, ஆள்றவங்களுக்குப் பிடிச்ச அளவுக்கு மட்டும் உண்மையை அளந்து சொல்றவன், பொய் சொல்றவனைவிட அதிகமா நாட்டைக் கெடுக்கறான், கடைசியில அது இடிஞ்சு விழறதும் முதல்ல அவன் தலை மேலதான்.